மாடி வீட்டில் முட்டை தோசை

மாமி காலையில் வாசலில் நிற்பது கோலத்துக்காக என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. கோலம் போட்டு முடித்து வெகு நேரம் ஆகியிருக்கும். பால் பாக்கெட் உள்ளே போயிருக்கும். பேப்பரும் வந்து, அதைப் பாதி படித்தும் முடித்திருப்பார். அப்படியும் நாங்கள் மாடியிலிருந்து இறங்கி வரும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என் மகள் கடைசிப் படியில் கால் வைத்ததும் குனிந்து அதே கேள்வி.

“என்னடி கண்ணா, இன்னிக்கு என்ன டிபன்?”

“தோசை.”

“நேத்தும் தோசைதானே சொன்னே?”

“நாளைக்கும் தோசைதான் மாமி,” என்பாள் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது முடியவில்லை.

சொன்னதில் பொய் இல்லை. தோசைதான். ஆனால் கல்லில் மாவை ஊற்றியதும் அதன் மேல் ஒரு முட்டையை உடைத்து விட்டு, கரண்டியால் பரப்பி, மிளகுத்தூள் தூவி, திருப்பிப் போட்டு எடுத்த தோசை. மயிலாப்பூரில் அந்த வீட்டின் மாடியை எங்களுக்கு வாடகைக்கு விட்டபோது மாமி போட்ட ஒரே நிபந்தனை, சைவம் மட்டும் என்பது. முட்டையும் கூடாது. ஒப்பந்தத்தில் அது தனி வரியாகவே இருந்தது. அந்த வரியை வாசித்தவள் நான்தான். எங்கள் குடும்பத்தில் காகிதம் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். முதலில் பள்ளிக்கூடம் போனவளும் முதலில் கல்லூரி முடித்தவளும் நான்தான். வாசித்தேன். புரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அந்த வீடு எனக்கு அவ்வளவு தேவைப்பட்டது. மகளின் பள்ளி அடுத்த தெருவில். பறக்கும் ரயில் நிலையம் நடக்கிற தூரம். ஏறி உட்கார்ந்தால் தரமணியில் என் ஆபீஸ். கணவருக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர் வேலை. கடை சாத்தி, கணக்கு முடித்து, அவர் வீடு திரும்பும் நேரத்துக்கு அவரைக் காலையில் எழுப்ப எனக்கு மனசு வராது. ஆகவே காலை முழுவதும் என் பொறுப்பு. குழந்தையை எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளியில் விட்டு, ரயிலைப் பிடிக்க வேண்டும். வேறு எந்த வீட்டிலிருந்தும் அது நடக்காது. அந்த வீடு போனால் என் வேலையும் ஆட்டம் காணும் என்பது எனக்குத் தெரியும்.

பெருமையும் இருந்தது. மயிலாப்பூர் என்று விலாசம் எழுதும்போது கை கொஞ்சம் நிதானமாக எழுதும். நான் பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசைகளில் ஒன்றில். ஒன்பதாவது படிக்கும்போது எங்களை ஊருக்கு வெளியே கட்டிய குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பஸ் மாறி மாறி வந்து படித்தேன். வீடு பார்க்கப் போன அன்று மாமி கேட்டார்.

“பூர்வீகம் எங்க?”

“சென்னைதான் மாமி.”

“சென்னையில எங்க?”

“அடையாறு.”

மாமி “ஓ” என்றார். அந்த ஓவுக்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன். கணவர், “ஓன்னா ஓதான்” என்றார்.

முட்டை என் பிடிவாதமில்லை. குடி வந்த புதிதில் நாங்கள் நிபந்தனையை மீறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வேண்டுமென்றால் என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவோம். ஆனால் மகளுக்கு எடை ஏறவில்லை. பள்ளிச் சட்டை தோளிலிருந்து நழுவும். பால் கொடுத்தால் வாந்தி. சுண்டலை வாயில் அடக்கி வைத்திருந்து பள்ளி வாசலில் துப்புவாள். பொங்கல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல நடிப்பாள். மந்தைவெளியில் நாங்கள் காட்டுகிற குழந்தை டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “காலையில தினம் ஒரு முட்டை குடுங்க. வேற மருந்து வேணாம்” என்றார். “காலையிலயேதான் குடுக்கணுமா டாக்டர்?” என்று நான் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சாயங்காலத்தில் இந்தக் குழந்தை எதையும் தொடாது என்று நானே சொல்லியிருந்தேன்.

அன்றைக்கே கடையில் அரை டஜன் வாங்கி, பேப்பரில் சுற்றி, துணிப்பைக்கு அடியில் வைத்து, மேலே கீரைக்கட்டைப் பரப்பி மாடியேறினேன். மாமி ஜன்னலருகே இருந்தார். “கீரையா? என்ன கீரை?” என்றார். அதுவரை நான் வாங்கி வந்த கீரையை அவர் விசாரித்ததே கிடையாது.

முட்டை போல வேலைக்குப் போகிறவளுக்கு ஒத்தாசையான பொருள் வேறில்லை. முதல் நாள் இரவு எதையும் ஊற வைக்க வேண்டாம், அரைக்க வேண்டாம். கனிந்த வாழைப்பழத்தை மசித்து, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி கோதுமை மாவு, ஒரு சிட்டிகை ஏலக்காய்த்தூள் சேர்த்துக் குட்டிக் குட்டி தோசையாக ஊற்றினால், தலை பின்னி முடிப்பதற்குள் சாப்பிட்டுவிடுவாள். இட்லி மாவில் முட்டையும் துருவிய கேரட்டும் கலந்து குழிப்பணியாரக் கல்லில் ஊற்றினால் இன்னும் வசதி. கையில் ஒன்று கொடுத்துவிட்டு ஷூ மாட்டலாம். பிரெட்டை முட்டையில் தோய்த்துச் சுட்டு நீளநீளமாக வெட்டிக் கொடுத்தால் அது ரயில் என்று ஓட்டிக்கொண்டே தின்பாள். முட்டை தோசைதான் அவளுக்கு உயிர். மாதம் ஒன்று போனதும் சட்டை தோளில் நின்றது.

சமைப்பது எளிது. மறைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

முதலில் சத்தம். எங்கள் அடுக்களைக்கு நேர் கீழே மாமியின் படுக்கையறை. டம்ளரில் முட்டையை ஸ்பூனால் அடித்தால் விடிகாலையில் அது தெருவுக்கே கேட்கும். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ மாமி கேட்டார். “காலம்பற மாடியில டகடகன்னு என்னமோ சத்தம்?”

“மோர் கடையறேன் மாமி.”

“டம்ளர்லயா?”

மறுநாளிலிருந்து முட்டையை மூடி போட்ட பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினேன். சத்தமில்லை. ஆனால் சத்தம் ஏன் நின்றது என்று மாமி கேட்காதது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டவர் கேட்காமல் விட்டால் அவருக்கு விடை கிடைத்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

அடுத்தது வாடை. முட்டை வேகும்போது வருகிற கவுச்சி நெய் ஊற்றினாலும் போகாது. நாட்டு மருந்துக் கடையில் கம்ப்யூட்டர் சாம்பிராணி வாங்கினேன். அடுப்பை அணைத்ததும் ஒன்றைக் கொளுத்தி அடுக்களையில் வைத்துவிடுவேன். வீடு கோவில் மாதிரி மணக்கும். அதிலும் மாட்டிக்கொண்டேன்.

“தினம் தினம் சாம்பிராணியா?” என்றார் மாமி. “செவ்வாய் வெள்ளி போட்டாப் போறாதா? மாடியில ஏதாவது மனசுக்குச் சரியில்லாம இருக்கா?”

“கொசு மாமி.”

“எங்காத்துல கொசு இல்லையே.”

அவர் சிரித்தபடிதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் ரயிலில் மந்தைவெளியிலிருந்து தரமணி வரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மூன்றாவது, ஓடு. குப்பை எடுக்கிற பெண் இரண்டு வீட்டு வாளியையும் கேட் அருகே வைத்துத்தான் பிரிப்பாள். மாமி பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பார். எங்கள் வாளிக்கு மட்டும் ஏன் அருகில் வருகிறார் என்று நான் மேலிருந்து கவனித்தேன். ஆகவே முட்டை ஓடுகளை பிரெட் வந்த கவரில் கட்டி, கைப்பையில் போட்டு, தரமணி நிலையத்துக் குப்பைத்தொட்டியில் போடுவது வழக்கமாயிற்று. மயிலாப்பூரின் முட்டை ஓடுகள் பறக்கும் ரயிலில் தினமும் தரமணி போயின. ஒருநாள் மறந்து ஆபீஸ் வாசல்வரை கொண்டுபோய்விட்டேன். செக்யூரிட்டி அண்ணன் பையைத் திறக்கச் சொன்னார்.

“இன்னா மேடம் இது?”

“முட்டை ஓடு.”

“அது தெரியுது. இன்னாத்துக்கு?”

“ரோஜாச் செடிக்கு உரம்.”

அவர் சுற்றிலும் பார்த்தார். கண்ணாடிக் கட்டடமும் கார் நிறுத்துமிடமும் தவிர அங்கே ஒரு புல்கூடக் கிடையாது. “போங்க மேடம்,” என்றார்.

இதையெல்லாம் ஃபோனில் கேட்டுவிட்டு என் அம்மா சொன்னது, “முட்டய இன்னாத்துக்குடி ஒளிச்சி வெக்கிற? திருடிக்கினு வந்தியா?”

“உனக்குப் புரியாதும்மா. அக்ரிமெண்ட்ல இருக்கு.”

“நீ படிச்சிட்டுதான கையெழுத்து போட்ட? அப்பறம் இன்னா.”

அம்மா பல வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள். எந்த வீட்டில் எந்த டம்ளரில் தனக்குக் காபி கொடுத்தார்கள் என்பதை இன்றும் சொல்வாள், கோபமில்லாமல். எனக்கு அந்த மாதிரி மனசு வாய்க்கவில்லை. யார் எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்பது எனக்கு உடனே தெரியும். அல்லது தெரியும் என்று நான் நினைப்பேன்.

மாமி மகளைக் கூப்பிட்டுத் தின்னக் கொடுக்க ஆரம்பித்ததும் என் சந்தேகம் முற்றியது. சின்னக் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல், ஒருநாள் இரண்டு உளுந்து வடை. மகள் வாங்கிக்கொள்ளும்போது மாமி அவள் முகத்துக்கு வெகு அருகே குனிவார். வாயை மோந்து பார்க்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். முட்டை சாப்பிட்ட பிறகு பல் தேய்க்க வைத்தேன். காலையில் இரண்டு முறை பல் தேய்க்கிற குழந்தை அந்தத் தெருவில் என் மகள் ஒருத்திதான்.

“அவங்க ஆசையா குடுக்குறாங்க. நீ இன்னாடான்னா போலீஸ் நாய் ரேஞ்சுக்குப் பேசுற,” என்றார் கணவர், பாதித் தூக்கத்தில்.

“அப்ப ஏன் அவ்ளோ கிட்ட குனியணும்?”

“வயசாயிடுச்சி. கண்ணு தெரியல.”

“கண்ணு தெரியாதவங்க நம்ம குப்பையை எப்படிப் பாக்கறாங்க?”

அவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

அந்த வருஷ ஒப்பந்தம் முடியும் மாதம் வந்தது. ஒருநாள் சாயங்காலம் நான் படியேறும்போது மாமி நிறுத்தினார். அவர் கணவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

“நாளைக்கு எங்காத்து மாமாவோட திவசம். சாஸ்திரிகள்லாம் வருவா. நாளைக்கு ஒருநாள் மட்டும் மாடியில வெங்காயம், பூண்டு எதுவும் வதக்காம இருந்தா தேவலை.”

“சரி மாமி, கண்டிப்பா.”

சரி என்று சொல்லிவிட்டு மேலே வந்து அடுக்களையில் நின்றுகொண்டே யோசித்தேன். வெங்காயம், பூண்டு என்றார். எதுவும் என்றார். நாளைக்கு ஒருநாள் மட்டும் என்றார். அப்படியென்றால் மற்ற நாட்களில் நடப்பது தெரியுமா? தெரிந்துதான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறாரா?

மறுநாள் காலையில் அடுப்பையே பற்ற வைக்கவில்லை. அவலை நனைத்து, தேங்காய்ப்பூவும் வெல்லமும் பிசைந்து, வாழைப்பழம் நறுக்கிக் கொடுத்தேன். அதுவும் அவசரத்துக்கு நல்ல உணவுதான். மகள் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

“முட்ட தோச?”

“இன்னிக்கு இல்லம்மா. கீழ மாமி வீட்டுல சாமி கும்பிடறாங்க. அதனால இன்னிக்கு முட்டை கூடாது.”

இப்படிச் சொன்னது தவறு. பிள்ளைகளிடம் காரணம் சொல்லி வளர்க்க வேண்டும் என்று எங்கேயோ படித்து அதைப் பின்பற்றி வந்தேன்.

கீழே வாசலில் சாஸ்திரிகள் இருவர் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாமி ஈரத்தலையுடன் மடிசாரில் நின்றிருந்தார். அன்று அவர் எதையும் கேட்கவில்லை; எங்களைப் பார்க்கக்கூட இல்லை. மகள்தான் தானாக நின்று முறையிட்டாள்.

“மாமி, இன்னிக்கு எனக்கு முட்ட கெடையாதாம். நீங்க சாமி கும்பிடறீங்களாம்ல. நாளைக்குத்தானாம்.”

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்தது அவள் சொன்னதை இன்னும் உறுதியாக்கியது. சாஸ்திரிகளில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மாமி முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. “வாங்கோ, கால் அலம்பிக்கோங்கோ” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பள்ளிக்குப் போகும் வழியில் மகளை நிறுத்தி வைத்துத் திட்டினேன். அடிக்கவில்லை. ஆனால் குரலை உயர்த்தாமல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னது அடியைவிட மோசமாக இருந்திருக்கும். “வீட்டுல என்ன சாப்பிட்டோம்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. புரியுதா?” அவள் தலையாட்டினாள். ஐந்து வயதுக்கு அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு மாமி ஒன்றும் சொல்லவில்லை. கோபமான முகமும் இல்லை. வாசலில் நிற்பதை மட்டும் விட்டுவிட்டார். நாங்கள் இறங்கும்போது கேட்டருகே யாரும் இருக்க மாட்டார்கள். டிபன் கேள்வி நின்றது, பொங்கல் கிண்ணமும் நின்றது. நான் படியில் வேண்டுமென்றே செருப்பைச் சத்தமாகத் தேய்த்து இறங்கிப் பார்த்தேன். கதவு திறக்கவில்லை. உள்ளே ஃபோனில் பேசுகிற குரல் கேட்டால் நின்று காது கொடுத்தேன். பெங்களூரில் இருக்கும் மகனிடம் என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று தோன்றும்; ஒருமுறை நன்றாகக் கேட்டதில், தண்ணீர்த் தொட்டி மோட்டார் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கணவருக்கு இது நிம்மதியாகப் போயிற்று. “அதான் தெரிஞ்சி போச்சே. இனிமே ஓட்ட கீழ குப்பையிலயே போடு. ரயில்ல இன்னாத்துக்கு கூட்டிக்கினு போற?”

“தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பாங்க.”

“கேக்கலன்னா வுட்டுட்டாங்கன்னு அர்த்தம்.”

“இல்ல. அக்ரிமெண்ட் தேதிக்காகக் காத்திருக்காங்க.”

இந்த நிலையில்தான் பள்ளியிலிருந்து மிஸ் கூப்பிட்டார். சாயங்காலம் நேரில் வரச் சொன்னார். பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். சின்ன நாற்காலிகள் போட்ட வகுப்பில் மிஸ் என்னை உட்கார வைத்து, மிகவும் மென்மையாகப் பேசினார். அந்த மென்மையே எனக்கு ஆகவில்லை.

“வீட்ல எல்லாம் நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கோம் மிஸ்.”

“காலையில பாப்பா சாப்பிட்டுட்டுதான் வர்றாளா?”

“ஏன் கேக்கறீங்க?”

“டெய்லி ஃபர்ஸ்ட் பீரியட்ல யார் யார் என்ன சாப்பிட்டீங்கன்னு கேப்போம். எல்லாரும் சொல்லுவாங்க. இவ மட்டும் வாயைப் பொத்திக்கறா. தனியா கூப்ட்டுக் கேட்டா, சொல்லக் கூடாதுன்னு சொல்றா. யார் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு கேட்டேன். அதையும் சொல்லக் கூடாதாம்.” மிஸ் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். “அவ ஒல்லியா வேற இருக்காளா, அதான். நீங்களும் வேலைக்குப் போறீங்க. எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லலாம்.”

பிள்ளைக்குச் சோறு போடாதவள் என்று நினைக்கிறார். என் வாழ்க்கையில் பல மாதிரிப் பார்வைகளைப் பார்த்திருக்கிறேன், இது புதிது. நான் படித்த பள்ளியில் சத்துணவில் முட்டை போடும் நாட்களில் என் அம்மா என்னைக் காய்ச்சலோடும் அனுப்பி வைப்பாள். அப்படி வளர்ந்தவள், என் மகள் தட்டில் தினமும் ஒரு முட்டை வைக்கிறேன். அதைச் சொல்ல முடியாமல் இந்தச் சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.

“தினமும் முட்டை சாப்பிடறா மிஸ்,” என்றேன். “நாங்க இருக்கிற வீட்டுல முட்டை செய்யக் கூடாது. அதனால சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்.”

மிஸ் சரி சரி என்றார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பியிருக்க மாட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த வாரமே மாமி கூப்பிட்டனுப்பினார். கூடத்து மேஜையில் புது ஒப்பந்தம் டைப் செய்து தயாராக இருந்தது. பக்கத்தில் பேனா, காபி. இரண்டு காபியும் ஒரே மாதிரி டம்ளரில் இருக்கிறதா என்று என் கண் தானாகப் பார்த்தது. ஒரே மாதிரிதான்.

“வாடகை கொஞ்சம் ஏத்தியிருக்கேன். பையன் சொன்னான். மத்ததெல்லாம் பழையபடிதான். படிச்சுப் பாத்துட்டுப் போடு.”

படித்தேன். சைவம் மட்டும் என்ற வரி அதே இடத்தில் இருந்தது. முட்டையும் கூடாது என்பதும் இருந்தது. எனக்கு வீடு கிடைத்துவிட்டது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனாவை எடுத்து மூடியையும் கழற்றினேன்.

“மாமி, நான் குழந்தைக்குத் தினமும் முட்டை செஞ்சு குடுக்கறேன்.”

மாமி தன் காபியை எடுத்து ஆற்றினார். நிதானமாக ஆற்றினார்.

“அன்னிக்குக் குழந்தை சொல்லித்து. நான் காதுல போட்டுக்கலை. குழந்தைகள் ஆயிரம் சொல்லும்.”

“குழந்தை பொய் சொல்லல மாமி.”

“தெரியும். அதுக்கு முன்னாடியும் எனக்கு மூக்கு இருந்ததே.” டம்ளரைக் கீழே வைத்தார். “இதோ பார். நான் மாடிக்கு வந்து எட்டிப் பாக்கறவ இல்லை. இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டேனா? காகிதத்துல இருக்கறது இருக்கட்டும். நீ பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயேன்.”

அவர் எனக்கு உதவி செய்கிறார் என்பது புரிந்தது. வாசலில் நின்றது, கேள்வி கேட்டது, குப்பையைப் பார்த்தது எல்லாம் எதற்கு என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேறொன்று வாயில் வந்தது.

“அப்ப குழந்தைகிட்ட யாராவது கேட்டா அவ என்ன சொல்லணும் மாமி?”

“தோசைன்னு சொல்லட்டும். தோசைதானே?”

“அவ ஸ்கூல்ல எதுவுமே சொல்ல மாட்டேங்கறா. நான் பட்டினி போடறேன்னு நினைக்கறாங்க. இந்த ஒரு வரிய அடிச்சிடலாமா?”

உள்ளே குக்கர் விசிலடித்தது. மாமி எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தார்.

“அடிக்க முடியாதும்மா. அவர் இருந்தவரைக்கும் இந்தாத்துல அது உள்ள வந்ததில்லை. நீ சொல்லாம இருந்திருந்தா நானும் தெரியாத மாதிரியே இருந்திருப்பேன். இப்போ சொல்லிட்டியே. தெரிஞ்சுண்டு எப்படி விடறது?”

அவர் குரலில் வெறுப்பு இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பேனாவை மூடி மேஜையில் வைத்தேன். பள்ளி லீவு விடும்வரை இருந்துகொள்ளச் சொன்னார். “இருக்கற வரைக்கும் பண்ணாதே,” என்றார். பண்ண மாட்டேன் என்றேன்.

பண்ணவும் இல்லை. அந்த நாட்களில் வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து இட்லியில் தடவினேன், பனீரைத் துருவித் தோசையில் போட்டேன், கேழ்வரகுக் கூழில் பேரீச்சம்பழம் கரைத்தேன். பாதி தட்டில் மிஞ்சியது. ஒளித்துச் செய்த நாட்களில் இல்லாத ஒரு பிடிவாதம், சொல்லிவிட்ட பிறகு எனக்கு வந்திருந்தது. கொடுத்த வாக்கில் அவர் ஒரு குறை கண்டுபிடிக்கக் கூடாது. மாமி மறுபடி வாசலில் நிற்க ஆரம்பித்தார். மகளைக் கேட்கவில்லை. காற்றில் ஏதாவது வருகிறதா என்று பார்க்கத்தான் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கணவர், “உன்ன அனுப்ப மனசு இல்லாம நிக்குறாங்க” என்றார். இருவரில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்னும் தெரியாது.

வீடு தேடினோம். தரகர் முதல் கேள்வியாக, “வெஜ்ஜா, நான்வெஜ்ஜா மேடம்?” என்பார். அவர் முடிப்பதற்குள் நான்வெஜ் என்பேன். மயிலாப்பூர் கைவிட்டது. அடையாறில் ஒரு வீடு கைக்கு எட்டும்வரை வந்து நழுவியது. கடைசியில் பெருங்குடியில் ஒரு மூன்றாம் மாடி. வீட்டுக்காரர் லாரி வைத்துத் தொழில் செய்பவர். எத்தனை பேர், எந்த ஆபீஸ் என்று கேட்டுவிட்டுச் சாவியை நீட்டினார். சாப்பாட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. ஏன் கேட்கவில்லை?

“நாங்க முட்டை, மீன் எல்லாம் சமைப்போம்,” என்றேன் நானாகவே.

அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். “அதோ அந்தப் பக்கம் குப்பமேடு. காத்து இப்டித் திரும்புச்சின்னா வர்ற வாடைக்கு, உன் மீன் வாடைலாம் சந்தனம்மா. ஜன்னலச் சாத்திக்க, போதும்.”

புதிய வீட்டிலிருந்து என் ஆபீஸ் பக்கம். மகளுக்குப் புதுப் பள்ளி, வேன் வீட்டு வாசலுக்கே வரும். காலையில் எனக்கு நேரம் மிச்சம். முதல் வாரத்தில் ஒருநாள், அடுத்த வீட்டுப் பெண்மணி படியில் பால் பாக்கெட்டுடன் ஏறி வந்தார். மகளின் கன்னத்தைத் தட்டி, “இன்னா பாப்பா, இன்னா சாப்ட்ட?” என்றார். அந்தம்மா அதை நினைத்துக்கூடக் கேட்டிருக்க மாட்டார், வாய் வழக்கம்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லு என்று தலையாட்டினேன். அவள் அசையவில்லை. “வெக்கப்படுது” என்று சொல்லிவிட்டு அந்தம்மா மேலே போய்விட்டார்.

நாங்கள் இறங்கித் தெருவுக்கு வந்தோம். வேன் இன்னும் வரவில்லை. மகள் பின்னால் திரும்பி, படியில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, என் கழுத்தை வளைத்துக் குனியச் செய்தாள்.

“முட்ட தோச,” என்றாள் என் காதில்.